மூவாயிரம் வருடத்துச் சம்பள பாக்கி: லக்சர் நாட்குறிப்பு

சனி, நைலின் மேற்குக் கரை

பழைய எகிப்துக்குக் காலப்பயணம் என்றால் கதையில் வருகிற ஆள் நேராக அரண்மனையில் போய் இறங்குவார், இல்லையென்றால் பிரமிடு கட்டுகிற இடத்தில். நான் எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவலின் நாயகி அந்தப் பக்கமே போகப்போவதில்லை. அவள் இறங்குவது லக்சருக்கு எதிர்க்கரையில், மலைகளுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் ஒரு சின்ன ஊரில். இன்று அதற்கு டேர் எல்-மெதினா என்று பெயர். மன்னர்களின் கல்லறைகளை மலைக்குள் குடைந்து, சாந்து பூசி, ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக நானூறு வருடம் வாழ்ந்த ஊர். ஆண்டும் முடிவாகிவிட்டது: மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கில். அந்த வருடம்தான் இந்த ஊர்க்காரர்கள் சம்பளம் வரவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். எழுத்தில் பதிவாகியிருக்கும் வேலைநிறுத்தங்களில் உலகத்திலேயே மிகப் பழையது அது.

வந்த காரணம் எளிமையானது. புத்தகங்களில் இருந்து தேதி கிடைக்கும், பெயர் கிடைக்கும், எத்தனை மூட்டை தானியம் என்பதுகூடக் கிடைக்கும். ஆனால் ஊர்ச் சுவரில் இருந்து கோயில் களஞ்சியம் கண்ணுக்குத் தெரியுமா, தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினால் எங்கே மூச்சு வாங்கும், இதெல்லாம் நடந்து பார்த்தால்தான் தெரியும். பசியைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கு இந்தத் தூரங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிழக்குக் கரையில் லக்சர் கோயிலுக்கு முன்னால் இருந்து படகு. உள்ளூர்க்காரர்கள் காய்கறிக் கூடையும் சைக்கிளுமாக ஏறுகிற அதே படகில் வந்து, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் மேற்கு மலை முழுவதும் தெரிகிறது. அதன் உச்சி, மனிதக் கை படாமலேயே, பிரமிடு வடிவத்தில் கூர்ந்து நிற்கிறது. அல்-குர்ன் என்கிறார்கள். அந்தச் சிகரத்தில் மெரெட்சேகர் என்ற நாகதெய்வம் குடியிருப்பதாக ஊர்க்காரர்கள் நம்பினார்கள். வேலை செய்கிற இடமும் சாமியும் ஒரே மலை.

ஞாயிறு, ஊருக்குள்

இன்று முழு நாளும் டேர் எல்-மெதினாவில்தான். சுற்றுலாப் பேருந்துகள் வந்து இரண்டு கல்லறைகளைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் போய்விடுகின்றன. அந்த இரண்டும் பார்க்க வேண்டியவைதான், செனெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறையில் கணவனும் மனைவியும் மறுமையில் வயல் உழுகிற ஓவியத்தின் நிறம் நேற்று பூசியது மாதிரி இருக்கிறது. ஆனால் நான் வந்தது கீழே கிடக்கிற வீடுகளுக்காக.

ஊர் என்றால் எவ்வளவு பெரிய ஊர்? சுமார் 130 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், சுற்றிலும் மதில், உள்ளே எழுபது வீடுகள் போல. நடுவில் ஒரே தெரு, இரண்டு கையையும் விரித்தால் கிட்டத்தட்ட இரு பக்கமும் தொட்டுவிடலாம் போல இருக்கிறது. வீடுகள் ஒன்றோடு ஒன்று சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நீளவாக்கில் உள்ளே போகின்றன: முன்னறை, அதில் செங்கல்லால் கட்டிய ஒரு மேடை, அடுத்து நடுவில் தூண் வைத்த கூடம், அதன் பின்னால் ஒரு சிறிய அறை, கடைசியில் கூரை பாதி திறந்த சமையலிடம், தரைக்கடியில் ஒரு நிலவறை. இப்போது இடுப்பளவுச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன என்றாலும் அடுப்பு எங்கே, படி எங்கே என்று நன்றாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் கேட்கும். இங்கே புதிதாக ஒரு பெண் வந்து யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருப்பது நடக்காத காரியம்.

என் கதையின் முடிச்சே இதுதான். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது, இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு. நாற்பது தொழிலாளர்களின் பெயர், எந்த நாள் வரவில்லை என்ற தேதி, அதன் மேல் சிவப்பு மையில் காரணம். தேள் கொட்டியது, கண் நோவு, பீர் காய்ச்சப் போனார், தாயின் சவத்துக்குத் துணி சுற்றப் போனார். உளி தேய்ந்தால் அதன் எடைக்குக் கணக்கு. விளக்குத் திரிக்குக்கூடக் கணக்கு, எத்தனை உள்ளே போனது, எத்தனை எரிந்தது என்று. அப்படிப்பட்ட இடத்தில் கூடுதலாக ஒரு வாய் வந்தால்?

நாணயம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. சம்பளம் தானியமாகத்தான். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை எம்மர் கோதுமை (நம் ஊர் சம்பா கோதுமையின் இனம்தான் அது), ஒன்றரை மூட்டை பார்லி. ஒரு மூட்டை சுமார் 77 லிட்டர். எம்மர் ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மிச்சம் இருந்தால் அதைக் கொடுத்துச் செருப்பு, சட்டை, எண்ணெய், கழுதை என்று மாற்றிக்கொள்வார்கள். விலையைத் தெபென் என்ற செம்பு எடையில் சொல்வார்கள், ஒரு தெபென் சுமார் 91 கிராம், ஒரு மூட்டை தானியம் ஏறக்குறைய இரண்டு தெபென். இந்த வயல் இல்லாத, கிணறு இல்லாத பள்ளத்தில் ஒரு பிடி தானியமும் விளையாது. எல்லாம் கீழே இருந்து வர வேண்டும். தண்ணீரும் அப்படித்தான், கழுதை முதுகில்.

ஊருக்கு வடக்கே கோயிலைத் தாண்டி ஒரு பெரிய குழி இருக்கிறது, 50 மீட்டருக்கு மேல் ஆழம். தண்ணீருக்காகத் தோண்டி, தண்ணீர் வராமல், கடைசியில் குப்பை கொட்டுகிற இடமாகிவிட்டது. பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் புரூயேர் 1922இல் தொடங்கி முப்பது வருடம் இந்த ஊரைத் தோண்டினார், இந்தக் குழியில் இருந்து மட்டும் எழுத்துள்ள கல்சில்லுகளும் பானை ஓடுகளும் ஆயிரக்கணக்கில் வந்தன. கடன் பத்திரம், காதல் கவிதை, மருந்துக் குறிப்பு, கழுதை வாடகைத் தகராறு. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன், காவலர் "மேடம், போதும்" என்று கூப்பிட்டபோதுதான் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தது.

சரி, நாயகிக்கு ஒரு இடம் வேண்டும். மதிலுக்கு வெளியே இருந்து ஊருக்கு ஊழியம் செய்தவர்கள் தனி: தண்ணீர் சுமப்பவர், மீன் பிடிப்பவர், விறகு வெட்டுபவர், குயவர், சலவைக்காரர். சலவைக் கணக்குச் சில்லுகளில் துணிகளைப் படமாகவே வரைந்து பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறார்கள், எழுத்தே தெரியாவிட்டாலும் புரிந்துவிடும். மொழி தெரியாமல் வந்து நிற்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆகவே அவள் சலவைத் தொழிலில் சேர்கிறாள். அவள் துணி வெளுக்கும் வீடுகளில் ஒன்று நௌனக்தே என்கிற அம்மாவின் வீடு. இவர் கற்பனை இல்லை, நிஜமாக இங்கே வாழ்ந்தவர், எழுத்தர் ஒருவரின் விதவை, பிறகு ஒரு தொழிலாளியை மணந்து எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். வேலைநிறுத்த வருடத்தில் இதே தெருவில்தான் இருந்திருப்பார். எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லா வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

திங்கள், மலைப்பாதை

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பி, தொழிலாளர்கள் நடந்த அதே பாதையில் மலையேறி மன்னர்களின் பள்ளத்தாக்குக்கு இறங்கினேன். வானத்தில் வெப்பக்காற்று பலூன்கள், கீழே கரும்பும் கோதுமையும் பச்சைப் பட்டையாக, அந்தப் பச்சை சட்டென்று ஒரு கோட்டில் முடிந்து பாலைவனம் தொடங்குகிறது. ஒரு காலை வயலிலும் மறு காலை மணலிலும் வைத்து நிற்கலாம், அவ்வளவு கறாரான எல்லை.

பாதையின் உச்சியில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில், கல் குடிசைகளின் அடித்தளங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்கு வாரம் என்பது பத்து நாள். வேலை நாட்களில் ராத்திரி வீட்டுக்குப் போகாமல் இங்கேயே படுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் கீழே ஊரில் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான். கதைக்கு இது மிகப் பெரிய உதவி. நாயகி பழகப்போவது ஆண்கள் இல்லாத ஒரு ஊரோடு. சம்பள மூட்டை வராத செய்தியை முதலில் உணர்வதும் அவர்கள்தான், ஏனென்றால் பானைக்குள் கைவிட்டு அளப்பவர்கள் அவர்கள்.

குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது நேரத்தைப் பற்றி. காலப்பயணக் கதையில் ஆள் வந்தவுடன் "இது எந்த வருடம்?" என்று கேட்பார் அல்லவா, இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் இப்படித்தான் வரும்: இந்த ராஜாவின் 29ஆம் ஆண்டு, முளைப்புப் பருவத்தின் இரண்டாம் மாதம், பத்தாம் நாள். ராஜா இறந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றில் தொடங்கும். மாதத்துக்கு முப்பது நாள், பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்து நாள் கூட. லீப் வருடம் கிடையாது, அதனால் நான்கு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் காலண்டர் மெல்ல மெல்லப் பருவத்தைவிட்டு நழுவிக்கொண்டே போகும். திரும்பிப் போகிற நாளைக் கணக்கிட வேண்டிய என் நாயகிக்கு இது தலைவலி. அவள் நம்பக்கூடியது நட்சத்திரங்களை மட்டும்தான்.

பள்ளத்தாக்கில் இறங்கியதும் இன்னொரு விஷயம். 2013இல் பாசல் பல்கலைக்கழகக் குழு இங்கே தொழிலாளர் குடிசைகள் இருந்த பகுதியில் ஒரு சூரியக் கடிகாரத்தைக் கண்டெடுத்தது. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய சுண்ணாம்புக்கல் சில்லு, கருப்பு மையில் ஒரு அரைவட்டம், அதைப் பன்னிரண்டாகப் பிரித்த கோடுகள், நடுவில் குச்சி செருகக் குழி. கி.மு. 13ஆம் நூற்றாண்டு. பகலுக்குப் பன்னிரண்டு மணி, இரவுக்குப் பன்னிரண்டு மணி என்று பிரித்தவர்கள் எகிப்தியர்கள். கோடையில் பகல் மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். கோயிலில் பூசாரிகள் நீர்க்கடிகாரம் வைத்திருந்தார்கள், சரி. ஆனால் கல்லுடைக்கிற ஒருவன் தன் குடிசை வாசலில் தனக்கென்று ஒரு கடிகாரம் வரைந்து வைத்திருந்தான் என்பதைப் படித்த அன்றுதான் இந்தக் கதையை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். எத்தனை மணிக்கு நிழல் வரும், எப்போது கை ஓயலாம் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆறாம் ராம்சேஸ் கல்லறையின் கூரையைப் பார்க்காமல் யாரும் போகக்கூடாது. வான தெய்வம் நூத் முதுகோடு முதுகாக இரண்டு முறை, நீல நிற வானமாக நீண்டு கிடக்கிறாள். ஒரு பக்கம் பகலின் மணிகள், மறு பக்கம் இரவின் மணிகள். மாலையில் சூரியனை விழுங்கி, உடலுக்குள்ளேயே பன்னிரண்டு மணி நேரம் கடத்தி, காலையில் மறுபடி பெற்றெடுக்கிறாள். காலத்துக்குள் பயணம் என்பதை இதைவிடப் பெரிதாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. இதே கல்லறையைக் குடைந்த தொழிலாளர்கள் வாசலுக்குக் கீழே கட்டிக்கொண்ட குடிசைகள்தான் துட்டன்காமன் கல்லறையின் படிக்கட்டை மூடி மறைத்துவிட்டன. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் குடிசைகளின் அடியைத் தோண்டியபோதுதான் முதல் படி தெரிந்தது. ஒரு ராஜாவின் தங்கம் முழுவதையும் மூவாயிரம் வருடம் காப்பாற்றியது கூலிக்காரர்கள் போட்ட குடிசை.

செவ்வாய், மெம்னோன்

கால் வலியால் இன்று அதிகம் நடக்கவில்லை. மெம்னோன் சிலைகள் மட்டும். மூன்றாம் அமென்ஹோதெப் தன் கோயில் வாசலில் வைத்த இரண்டு சிலைகள், கோயில் போய்விட்டது, இவை மட்டும் நிற்கின்றன. நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட வடக்குச் சிலை விடியற்காலையில் ஒரு ஓசை எழுப்பும் என்று ரோமர் காலத்தில் ஊர் உலகமெல்லாம் வந்து காத்துக்கிடந்தது. கி.பி. 130இல் பேரரசர் ஹாட்ரியனே வந்தார். அவரோடு வந்த ஜூலியா பால்பில்லா என்ற பெண்கவி எழுதிய கவிதைகள் சிலையின் காலில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அந்தக் காலத்துப் பயணிகள் பள்ளத்தாக்கின் கல்லறைகளுக்கும் போனார்கள். சுவர்களில் அவர்கள் கிறுக்கிய கிரேக்க, லத்தீன் எழுத்துகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றுக்கு நடுவே தமிழ் பிராமியிலும் பெயர்கள் இருப்பது அண்மையில்தான் வாசிக்கப்பட்டது. சிகை கொற்றன் என்று ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசேர் அல்-கதீமிலும் தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தது நமக்கு முன்பே தெரியும், மிளகோடு வந்தவர்கள் துறைமுகத்தோடு திரும்பிவிடவில்லை, நைல் வரைக்கும் வந்து ராஜாக்களின் கல்லறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். கொற்றன் பந்த வெளிச்சத்தில் நின்று பார்த்தபோது அந்த ஓவியங்களுக்கே ஆயிரத்து இருநூறு வயதுக்கு மேல். அவருக்கும் அது பழைய உலகம்தான், அவரும் இதை யார் வரைந்தார்கள் என்று கேட்டிருப்பார். நேற்று அந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்றபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. கதையில் கொற்றனுக்கு ஒரு சிறிய அத்தியாயம் உண்டு, அவ்வளவுதான் இன்றைக்கு.

புதன், வேலைநிறுத்தத்தின் வழி

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த நாள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் போன வழியிலேயே நடப்பது.

நடந்தது முழுவதையும் எழுதி வைத்தவர் அமென்நக்த், ஊரின் எழுத்தர். அவர் எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமென்நக்த் சாதாரண ஆள் இல்லை, வாதி ஹம்மாமத் பகுதியின் மலைகளையும் தங்கச் சுரங்கத்தையும் நிறம் பிரித்துக் காட்டுகிற, உலகின் மிகப் பழைய நிலவியல் வரைபடமும் இவர் கைவேலை என்றே சொல்கிறார்கள்.

அன்று காலை தொழிலாளர்கள் காவல் சுவர்கள் ஐந்தையும் தாண்டி வெளியே வந்தார்கள். பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது என்றார்கள். போய் மூன்றாம் துட்மோசிஸ் கோயிலின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். மேற்பார்வையாளர்கள் வந்து உள்ளே வாருங்கள், ஃபாரோவின் பெயரால் சத்தியம் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். நகரவில்லை.

நான் ஊர் மதிலில் இருந்து இறங்கி நடந்தேன். சரிவு முடிந்து வளைவு திரும்பியதுமே வயல் தெரிகிறது, கோயில் தெரிகிறது, அதற்கு அப்பால் நதியின் ஓரம்கூடத் தெரிகிறது. மேலே பள்ளத்துக்குள் இருக்கிறவரை மலை மட்டும்தான். பத்து நிமிடம் இறங்கினால் உணவு விளைகிற பூமி முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிகிறது. எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதது இந்த வளைவு. பசியோடு இறங்குகிற ஆணுக்கு இந்த இடத்தில் என்ன தோன்றும் என்று அங்கேயே நின்று எழுதிக்கொண்டேன். துட்மோசிஸ் கோயில் இப்போது தரைமட்டம், சாலையோரத்தில் சில செங்கல் சுவர்கள். பின்பக்கம் மலைச்சரிவோடு சேர்கிறது. அவர்கள் கோயில் வாசலில் போய் நிற்கவில்லை, பின்னால் உட்கார்ந்தார்கள், முதல் நாள் இன்னும் தயக்கம் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் தயக்கம் போய்விட்டது. ராம்சேஸியம் கோயிலுக்கே போனார்கள், ராத்திரி முழுவதும் வாசலில் சத்தம், பிறகு உள்ளேயே நுழைந்துவிட்டார்கள். ஏன் ராம்சேஸியம் என்பது அங்கே போய் நின்றால் ஒரு நொடியில் புரியும். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் உடைந்து கிடக்கும் இரண்டாம் ராம்சேஸின் ராட்சதச் சிலையைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் அதைத் தாண்டிப் பின்னால் போங்கள். மண் செங்கல்லில் நீள நீளமான களஞ்சிய அறைகள், வரிசை வரிசையாக, சிலவற்றின் வளைந்த கூரை இன்னும் அப்படியே நிற்கிறது. தானியம் இங்கேதான் இருந்தது. பசித்தவர்கள் சோற்றுப் பானையைத் தேடிப் போய் நின்றிருக்கிறார்கள்.

அங்கே அவர்கள் சொன்னது பாப்பிரஸில் இருக்கிறது. பசியாலும் தாகத்தாலும்தான் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, எங்கள் நல்ல தலைவர் ஃபாரோவுக்கு எழுதுங்கள், அமைச்சருக்கு எழுதுங்கள், நாங்கள் பிழைக்க வழி செய்யுங்கள். கோபத்தில் கத்தியவர்களின் பேச்சை உள்ளபடி எடுத்து எழுதிய ஒரு எழுத்தரும் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு அமென்நக்த் மேல் பெரிய மரியாதை வருகிறது. அதற்குப் பிறகுதான் முந்தைய மாதத்துப் பாக்கி வந்தது.

இன்னும் ஒன்று. மென்த்மோசே என்பவர் காவல்படைத் தலைவர். அவர் தொழிலாளர்களிடம் சொன்னது: போய்க் கருவிகளை எடுத்து வையுங்கள், கதவைப் பூட்டுங்கள், மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே உங்களுக்கு முன்னால் நடந்து சேத்தி மன்னரின் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். கூட்டத்தைக் கலைக்க வேண்டியவர் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறார். குர்னாவில் இருக்கும் அந்தச் சேத்தி கோயிலுக்கும் நடந்தேன், ராம்சேஸியத்தில் இருந்து அரை மணி நேரத்துக்கு மேல், நிழலே இல்லாத சாலை. குழந்தைகளோடு என்றால் இன்னும் அதிகம் ஆகும். என் கதையில் நாயகி மதிலுக்கு வெளியே இருந்து இறங்கி இந்த நடையில் சேர்ந்துகொள்கிறாள், இடுப்பில் நௌனக்தே வீட்டுக் குழந்தை ஒன்று.

கதையின் கேள்வியும் இந்தச் சாலையில்தான் தெளிவானது. காலப்பயணத்தில் பட்டாம்பூச்சியை மிதித்தால் என்ன ஆகும், தாத்தாவைக் கொன்றால் என்ன ஆகும் என்று எவ்வளவோ எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவள் தின்கிற ரொட்டி. அதற்குப் பிந்தைய மாதங்களிலும் சம்பளம் முழுதாக வரவில்லை. அமைச்சர் தோ சொல்லி அனுப்பினார்: களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லாமல் போனாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்று. கொடுத்தது பாதிப் படி, அதாவது தர வேண்டிய தானியத்தில் பாதி. இன்னொரு நாள் நகரத்தின் தலைவர் ஐம்பது மூட்டை எம்மர் கொடுத்து உதவினார். அளந்து அளந்து கொடுத்த இந்தத் தானியத்தில் மூவாயிரம் வருடம் கழித்துப் பிறக்கப்போகிற ஒருத்திக்குப் பங்கு கிடையாது. அவள் சாப்பிட்டால் அது யாரோ ஒரு குழந்தையின் கையில் இருந்துதான் வர வேண்டும். வரலாறு மாறுமா மாறாதா என்று அவள் கவலைப்படுவதற்கு முன்னால் இதற்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

வியாழன், மெதினத் ஹாபு

மூன்றாம் ராம்சேஸின் சொந்தக் கோயில். இந்த மன்னருக்குத்தான் அவர்கள் கல்லறை குடைந்துகொண்டிருந்தார்கள். நிறம் மங்காத தூண்கள், வடக்குச் சுவரில் அவருடைய 8ஆம் ஆண்டில் நடந்த கடற்போர், உள்ளே ஒரு சுவரில் வெட்டிய கைகளைக் குவித்து வைத்து எழுத்தர்கள் எண்ணிக் குறிக்கிற காட்சி. இங்கேயும் எண்ணிக்கைதான்.

தெற்கு வெளிச்சுவரில் ஒரு பெரிய கல்வெட்டு, திருவிழாக் காலண்டர். எந்த நாள் எந்த விழா, அன்றைக்குச் சாமிக்கு எத்தனை ரொட்டி, எத்தனை குடம் பீர், எத்தனை வாத்து, எத்தனை மாடு என்று வரிசையாக. சுவரின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன், பட்டியல் முடிகிற பாடில்லை. 29ஆம் ஆண்டில் இந்தச் சுவர் இங்கே இதே மாதிரிதான் இருந்தது. படைத்ததெல்லாம் பிறகு பூசாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் போகும் என்பது தெரியும், ஆனாலும் இதன் நிழலில் நின்றுகொண்டு பாதிப் படியை நினைத்தால் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

மூன்று வருடம் கழித்து இந்த மன்னர் கொலை செய்யப்பட்டார். ராணிகளில் ஒருவரான தியே, தன் மகன் பென்டவெரேயை அரியணை ஏற்றுவதற்காக அந்தப்புரத்தில் செய்த சதி. விசாரணை ஆவணங்களும் டூரினில் இருக்கின்றன. சதி வெற்றி பெற்றதா என்ற நீண்ட வாதத்துக்கு 2012இல்தான் முடிவு கிடைத்தது, மம்மியை ஸ்கேன் செய்தபோது கழுத்துத் துணிக்கு அடியில் ஆழமான வெட்டு. ஊருக்குச் செய்தி கொண்டுவந்தவர் அதே மென்த்மோசே, வல்லூறு வானத்துக்குப் பறந்துவிட்டது என்று.

நாயகிக்கு இது தெரியும். சொல்ல முடியுமா? நௌனக்தேயின் முதல் கணவர் சேர்த்து வைத்த பாப்பிரஸ்களில் கனவுகளுக்குப் பலன் சொல்லும் ஒன்றும் இருந்தது, கெட்ட கனவுகள் அதில் தனியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஆகவே அவள் சொல்வதாக இருந்தால் ஒரு கனவாகத்தான் சொல்வாள், துணி பிழிந்துகொண்டே, உடைந்த மொழியில். அந்த அம்மா பாப்பிரஸைப் பிரித்து, அப்படி ஒரு கனவு இதில் இல்லையே என்று மூடி வைத்துவிடுவார். இந்தக் காட்சியை இங்கே இரண்டாம் முற்றத்தின் தூணடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

வெள்ளி, அறையில்

வெளியே போகவில்லை. காலையில் வீட்டுக்கார அம்மா சூரிய ரொட்டி செய்வதைப் பார்த்தேன், மேல் எகிப்தின் ரொட்டி அது, பிசைந்த மாவை மண் தட்டில் வைத்து மொட்டை மாடி வெயிலில் பொங்கவிட்டு அப்புறம் சுடுகிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி, ஒரு ரொட்டிக்கு எவ்வளவு மாவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே கைப்பிடியால் அளந்து காட்டினார்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு. நாயகி பாதிப் படி வருகிற மாதம் வரை இருப்பதில்லை, அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாள், வெளுத்த துணிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு. அவள் அங்கே சாப்பிட்ட ரொட்டி கடனாகவே நிற்கிறது, கதை அதைத் தீர்த்து வைக்காது. கடைசி அத்தியாயம் பன்னிரண்டு வருடம் கழித்து, ஐந்தாம் ராம்சேஸின் 3ஆம் ஆண்டில், நௌனக்தே சாட்சிகளுக்கு முன்னால் சொன்ன உயில். அந்த உயில் நிஜமானது, ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டுப் பேரை வளர்த்தேன், வயதான பிறகு யார் என் கையைப் பிடித்தார்களோ அவர்களுக்குத்தான் என் சொத்து, மற்றவர்களுக்கு இல்லை என்கிறார். ஒரு மகனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வெண்கலக் கழுவு பாத்திரம். என் நாயகி தினமும் தேய்த்த பாத்திரம் அது என்று எழுதப்போகிறேன். அவளுடைய பெயர் உயிலில் வராது. முதல் வரைவு முடிந்ததும் இங்கேயே பகுதி பகுதியாகப் போடுகிறேன், தானியக் கணக்கில் எங்கேயாவது இடித்தால் சொல்லுங்கள்.